ஓடிக்கொண்டிருந்த கார் ஏன் நின்றது?



சென்ற மாதம் இப்பக்கத்தில் தோட்டத்துத் தண்ணீர்ப் பம்பியைத் துப்புரவாக்கும் முறை பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்த சகோதரி ஒருவர், "பம்பி பழுதானால் கிணற்றடியில்தானே நிற்கும். ஓடுகிற வாகனம் நடுத்தெருவில் நின்றால் என்ன செய்வது?" என்று கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. அதற்குப் பதிலாக என் சொந்த அனுபவத்தையே இம்மாதம் எழுதுகிறேன்.

என்னிடம் இருப்பது 1960 ஆம் ஆண்டு மொறிஸ் மைனர் கார். 948 சீசீ என்ஜின். பிரித்தானியாவில் 1948 முதல் 1971 வரை பதினைந்து இலட்சத்துக்கும் மேல் செய்யப்பட்ட கார் இது. இலங்கையில் இன்றும் பல வீடுகளில் ஓடுகிறது. இதை என் கணவர் வாடகைக்கு ஓட்டினார். 1990 இல் வடக்குக்குப் பொருளாதாரத் தடை வந்து பெற்றோல் கிடைக்காமல் போனபோது, எல்லோரையும் போல அவரும் மண்ணெண்ணெயில் ஓட்டினார். மண்ணெண்ணெயில் குளிர்ந்த என்ஜின் பிடிக்காது. ஆகவே அவர் முன்னால் நின்று ஹாண்டிலைச் சுற்றுவார். நான் பொனற்றடியில் நின்று, மருந்துப் போத்தலில் பத்திரமாக வைத்திருந்த பெற்றோலைக் காபரேற்றருக்குள் சொட்டுச் சொட்டாக விடுவேன். என்ஜின் பிடித்துச் சூடானதும் மண்ணெண்ணெயில் ஓடும். ஒரு சொட்டுக் கூடினாலும் ஏசுவார். பெற்றோல் அந்த விலை.

2000 ஆம் ஆண்டு தென்மராட்சியை விட்டு ஓடியபோது அவரை இழந்தேன். கார் வடமராட்சியில் மாமி வீட்டுக் கொட்டிலில் ஓலைக்குக் கீழே கிடந்தது. 2009 இற்குப் பிறகுதான் அதைத் திருத்தி எடுத்தேன். ஓட்டப் பழகி, அனுமதிப்பத்திரமும் எடுத்து, அன்றிலிருந்து ஆஸ்பத்திரிக்கும் கிளினிக்குக்கும் போகிறவர்களை ஏற்றி இறக்கிச் சீவிக்கிறேன். பெரும்பாலும் பெண்கள்தான் என் காரில் வருவார்கள். இரண்டு பிள்ளைகளைப் படிப்பித்தது இந்தக் கார்தான்.

2023 ஆம் ஆண்டு யூன் மாதம் அது ஓடும்போது நிற்கத் தொடங்கியது. ஸ்ராட் பண்ணுவதில் குறையில்லை. வீட்டு முற்றத்தில் தையல் இயந்திரம் போல ஓடும். தெருவில் கொஞ்சத்தூரம் போனதும் திடீரென அடங்கிவிடும். ஓரங்கட்டித் திறப்பைத் திருப்பினால் ஒன்றும் நடக்காதது போல மறுபடி பிடிக்கும்.

முதலாவது கராஜில் காபரேற்றரைக் கழற்றிக் கழுவினார்கள். இரண்டு நாளில் மறுபடி நின்றது. இரண்டாவது கராஜில் புதுக் கொயில் போட்டார்கள். மறுபடி நின்றது. மூன்றாவது இடத்தில் பெற்றோல் பம்பியையும் பிளக்குகளையும் மாற்றினார்கள். எல்லாமாக 46,000 ரூபா முடிந்தது. அதில் பாதி கடன். கடைசியில் அந்தக் கராஜ்காரர், "அக்கா, உந்த என்ஜின் முடிஞ்சுது. இரண்டரை இலட்சத்துக்கு எனக்குத் தெரிஞ்ச ஆள் ஒருத்தர் எடுப்பார். உது காசாகேக்கையே குடுத்திடுங்கோ" என்றார். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தியதிலிருந்து பழைய கார்களின் விலை ஏறியிருந்த காலம் அது. அவர் சொன்ன விலை அரைவாசிக்கும் குறைவு என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் நிற்கிற காரை யார் வாங்குவார்கள், அதில் யார் ஏறுவார்கள் என்று மனம் சோர்ந்துவிட்டது. கொடுத்துவிடுவோம் என்றுதான் நினைத்தேன்.

அந்த நாட்களில்தான் நாவற்குழிப் பாலத்தில் அது நடந்தது. ஒரு தாயையும் மகளையும் யாழ்ப்பாணம் கிளினிக்குக்கு ஏற்றிப் போய்க்கொண்டிருந்தேன். மகள் 2009 இல் எட்டு வயதில் ஒரு காலை இழந்தவள். செயற்கைக்கால் உரசிப் புண்ணாகியிருந்தது. பாலத்தில் என்ஜின் அடங்கியது. நான் அக்ஸிலேற்றரிலிருந்து காலை எடுத்தேன். படார் என்று சைலென்சரில் ஒரு வெடி.

திரும்பிப் பார்த்தேன். பின் சீற்றில் யாருமில்லை. மகள் இரு கைகளாலும் தலையை மூடிக்கொண்டு சீற்றுக்குக் கீழே கிடந்தாள். தாய் அவள் மேல் கவிழ்ந்து கிடந்தார். பின்னால் லொறிக்காரன் ஹோண் அடித்துக்கொண்டிருந்தான். கொஞ்ச நேரம் கழித்துத் தாய்தான் முதலில் எழும்பினார். "ஒண்டுமில்லையம்மா, கார்தான். எழும்பு" என்றார். மகள் எழும்பவில்லை. யாழ்ப்பாணம் போய்ச் சேரும்வரை அவள் கீழேயே இருந்தாள்.

அவர்களை இறக்கிவிட்டு, இந்தப் பழுது தீரும்வரை இனி ஒருவரையும் இந்தக் காரில் ஏற்றுவதில்லை என்று முடிவெடுத்தேன். இப்படியே இன்னொருவரிடம் விற்கவும் மனம் வரவில்லை. அவரும் யாரையாவது ஏற்றுவார் அல்லவா?

கொடிகாமத்தில் என் கணவரோடு பழகிய பழைய மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். எழுபது வயது தாண்டி, கராஜை மகனிடம் விட்டுவிட்டு வீட்டில் இருக்கிறார். அவரிடம் போய் மாற்றிய சாமான்களின் பட்டியலைச் சொல்லத் தொடங்கினேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"என்னத்தை மாத்தினதெண்டு நான் கேக்கேல்லை பிள்ளை. எப்பிடி நிக்குது? அதைச் சொல்லு."

"திடீரெண்டு நிக்குது அண்ணை."

"திடீரெண்டோ? லைற்றை நூத்த மாதிரியோ, இல்லாட்டி இருமி இருமிச் சாகிற மாதிரியோ? வெயிலிலயோ, வெள்ளாப்பிலயோ? ஏத்தமோ, வெறுங்காரோ? எத்தினையாம் கியர்?"

என்னால் ஒன்றுக்கும் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. அவர் பொனற்றைத் திறக்கவே இல்லை. பேரப்பிள்ளையின் கொப்பி ஒன்றை எடுத்துத் தந்தார். "போய் ஓடு. ஒவ்வொருக்காலும் நிண்டவுடன எழுது. ஒரு கிழமையால வா. காபரேற்றருக்குள்ள சொட்டு விட்ட பிள்ளையெல்லோ நீ, உனக்கு விளங்கும்" என்றார்.

சகோதரிகளே, அன்று அவர் திண்ணையில் வைத்து எனக்குச் சொல்லித் தந்ததை உங்களுக்கும் சொல்கிறேன். கார் என்றாலும் ஓட்டோ என்றாலும் மோட்டார் சைக்கிள் என்றாலும், பெற்றோல் என்ஜின் ஓட மூன்று தேவை: எரிபொருள், காற்று, சரியான நேரத்தில் ஒரு தீப்பொறி. ஓடுகிற என்ஜின் நின்றால் இம்மூன்றில் ஒன்று வராமல் போயிருக்கிறது. காற்று திடீரென அடைபடுவது அரிது. ஆகவே பெரும்பாலும் எரிபொருள் அல்லது தீப்பொறி. எது என்பதை நிற்கும் விதமே சொல்லும்.

இழுத்து இழுத்து, வேகம் குறைந்து, துள்ளித் துள்ளி நின்றால் எரிபொருள் வரவில்லை என்று நினைக்கலாம். காபரேற்றரின் கிண்ணத்தில் மிஞ்சியிருக்கும் பெற்றோல் தீரும்வரை என்ஜின் தவிக்கும். விளக்கை அணைத்தது போல ஒரே கணத்தில் அடங்கினால் தீப்பொறி நின்றுவிட்டது என்று நினைக்கலாம். அப்போது எரியாத பெற்றோல் சைலென்சருக்குள் போய்ச் சேரும். தீப்பொறி திரும்பி வந்ததும் அங்கே பற்றி வெடிக்கும். அந்தப் பிள்ளையைக் கீழே விழுத்திய சத்தம் அதுதான்.

இன்னும் சில அடையாளங்கள் உண்டு. கொப்பியில் எழுதி வைக்கத் தக்கவை.

1. புறப்பட்டுக் கால் மணி, அரை மணி நேரம் நன்றாக ஓடிப் பின் தவித்து நின்றால் பெற்றோல் ராங்கியின் மூடியைத் திறந்து பாருங்கள். "உஸ்" என்று காற்று உள்ளே இழுபட்டு, அதன்பின் கார் ஓடினால், மூடியில் காற்றுப் போகும் சிறு துளை அடைபட்டிருக்கிறது. பெற்றோல் குறையக் குறையக் காற்று உள்ளே வரவேண்டும். வராவிட்டால் பம்பியால் இழுக்க முடியாது.

2. வேகமாக ஓடும்போது தவித்து நின்று, சிறிது நேரம் விட்டால் மறுபடி ஓடினால் ராங்கியில் துருவும் வண்டலும் இருக்கலாம். ஓடும்போது குழாயின் வாயில் வந்து அடைத்து, நின்றதும் கீழே விழுந்துவிடும். இடம்பெயர்ந்த காலத்தில் வருடக்கணக்காகக் கிடந்த வாகனங்களில் இது சாதாரணம்.

3. கடும் வெயிலில், மெதுவாக ஊர்ந்து போகும்போது நின்றால், சூட்டில் பெற்றோல் குழாய்க்குள்ளேயே ஆவியாகியிருக்கலாம். ஈரத்துணியைக் குழாயிலும் பம்பியிலும் சுற்றிப் பத்து நிமிடம் விட்டால் ஓடும்.

4. என்ஜின் நன்றாகச் சூடானபின் மட்டும் ஒரே கணத்தில் அடங்கி, ஆறிய பிறகே பிடித்தால் கொயிலை அல்லது கொண்டென்சரைச் சந்தேகிக்கலாம்.

5. பள்ளத்தில் விழுந்து எழும்பும்போது நின்றால் பற்றரி முனைகளையும், திறப்பு போடும் சுவிச்சையும், அங்கிருந்து வரும் வயர்களையும் ஆட்டிப் பாருங்கள். நிற்கும்போது டாஷ்போட்டில் எல்லாமே செத்துப்போனால் சந்தேகம் இன்னும் பலம்.

6. மழையில் மட்டும் நின்றால் பிளக் வயர்களிலும் டிஸ்ரிபியூட்டர் மூடியிலும் ஈரம்.

இதை வைத்துக்கொண்டு நான் ஓடினேன். ஏற்றுவதற்கு ஆளில்லை, வெறுங்கார். பக்கத்தில் கொப்பியும் பேனையும். பெற்றோலுக்குக் காசு போகிறதே என்று வயிறு எரிந்தது. என் கொப்பியிலிருந்து சில வரிகள்:

யூலை 12, காலை 9.10. கைதடி தாண்டி. 4 ஆம் கியர், 35 மைல் வேகம். நல்ல றோட்டு. ஒரே கணத்தில் அறுந்தது. காலை எடுத்ததும் வெடி. திரும்பப் பிடித்தது.

யூலை 14, பகல் 2.00. கொதிக்கிற வெயில். முற்றத்தில் 40 நிமிடம் ஸ்ராட்டில் விட்டேன். நிற்கவில்லை.

யூலை 15. தம்பி வீட்டுக்கு 4 மூட்டை சீமெந்து. மணல் ஒழுங்கை, 2 ஆம் கியர், அக்ஸிலேற்றர் முழுக்க. நிற்கவில்லை.

யூலை 17, காலை 6.15. குளிர்ந்த என்ஜின். வீட்டிலிருந்து ஒரு மைல் கூட இல்லை. நின்றது. 4 ஆம் கியர், கால் பட்டும் படாமலும்.

ஒரு கிழமை முடிய நான் அவரிடம் போகும்போது எனக்கே பாதி விளங்கியிருந்தது. 40 நிமிடம் வெயிலில் சூடாகியும் நிற்கவில்லை, குளிரில் நின்றது. ஆகவே சூடு காரணமில்லை. அப்படியானால் கொயில் மாற்றியது வீண். ஒரு மைலுக்குள் நின்றது. ஆகவே ராங்கி மூடியும் இல்லை. பாரம் ஏற்றி, என்ஜின் அதிகம் பெற்றோல் கேட்ட நேரத்தில் குறையில்லாமல் ஓடியது. ஆகவே பெற்றோல் போதாமல் இல்லை. காபரேற்றர் கழுவியதும் பம்பி மாற்றியதும் வீண். ஒவ்வொரு தடவையும் ஒரே கணத்தில், சமமான தெருவில், மேல் கியரில், அக்ஸிலேற்றரை மெதுவாக மிதித்திருக்கும்போது மட்டும்தான் நின்றிருக்கிறது.

அண்ணை கொப்பியை இரண்டு தரம் வாசித்தார். "இது என்ஜின் முடிஞ்ச கதையில்லை. வயர்க் கதை" என்றார்.

முதலில் ஒரு சிறு சோதனை. பன்னிரண்டு வோல்ற் சிறு பல்ப் ஒன்றுக்கு இரண்டு நீள வயர் பிடித்தார். ஒன்றைக் கொயிலில் சுவிச்சிலிருந்து மின்சாரம் வரும் முனையிலும், மற்றதைக் கார் உடம்பிலும் கொழுவி, முனைகள் வேறு எதிலும் முட்டாதபடி ரேப் சுற்றி, பல்ப்பை உள்ளே என் கண்ணுக்குத் தெரிய வைத்தார். பக்கத்து சீற்றில் அவர். மிருசுவில் பக்கம் நேரான றோட்டில் ஓடினோம். 35 மைலில் என்ஜின் அடங்கியது. பல்ப் எரிந்துகொண்டே இருந்தது. அதாவது பற்றரியிலிருந்து சுவிச் வழியாகக் கொயில் வரைக்கும் மின்சாரம் குறையில்லாமல் வருகிறது. அறுவது அதற்குப் பிறகு.

ஓரங்கட்டி, என்ஜின் ஆறும்வரை நின்று, காபரேற்றர்க் கிண்ணத்தின் மூடியைத் திறந்தார். பெற்றோல் நிறைய இருந்தது. எரிபொருள் சந்தேகம் அதோடு முடிந்தது.

வீட்டுக்கு வந்து டிஸ்ரிபியூட்டரின் மூடியைக் கழற்றினார். உள்ளே பொயின்ற் என்னும் இரண்டு சிறு முனைகள் இருக்கின்றன. அவை தொட்டு விலகும் ஒவ்வொரு தடவையும் பிளக்கில் தீப்பொறி விழும். பொயின்ற் இருக்கும் தட்டு அசையக்கூடியது. காபரேற்றரிலிருந்து ஒரு மெல்லிய குழாய் அங்கே வருகிறது. மெதுவாக மிதித்துச் சமமாக ஓடும்போது அந்தக் குழாய் வழியே என்ஜின் காற்றை உறிஞ்சும். அந்த உறிஞ்சலில் தட்டு சிறிது திரும்பி, தீப்பொறி கொஞ்சம் முந்தி விழும். பெற்றோல் மிச்சமாவதற்காகச் செய்த ஏற்பாடு. முற்றத்தில் சும்மா ஓடும்போதும், முழுக்க மிதித்துப் பாரம் இழுக்கும்போதும் அந்த உறிஞ்சல் இராது, அல்லது மிகக் குறைவு. அப்போது தட்டு அசையாது.

என்ஜினைக் கையால் சுற்றி, பொயின்ற் இரண்டும் தொட்டிருக்கும்படி நிறுத்தினார். பல்ப்பின் வயரைக் கொயிலின் மற்ற முனைக்கு, அதாவது டிஸ்ரிபியூட்டருக்குப் போகும் முனைக்கு மாற்றினார். திறப்பைப் போட்டேன். பல்ப் எரியவில்லை. பொயின்ற் தொட்டிருப்பதால் மின்சாரம் அந்த வழியாகப் போய்விடுகிறது, அது சரி. பிறகு காபரேற்றர்ப் பக்கத்தில் அந்த மெல்லிய குழாயைக் கழற்றி, வாயில் வைத்து உறிஞ்சினார். தட்டு திரும்பியது. பொயின்ற் தொட்டபடிதான் இருந்தது. ஆனால் பல்ப் பளிச்சென்று எரிந்தது.

"விட்டுப்போட்டு உறிஞ்சட்டோ?" என்றார். விட்டால் அணைந்தது, உறிஞ்சினால் எரிந்தது. மூன்று தரம் செய்து காட்டினார். நான் சிரித்தேனோ அழுதேனோ தெரியாது.

வெளியிலிருந்து பொயின்றுக்கு வரும் வயர், ஒரு விரல் நீளம்கூட இல்லை. வெளித்தோல் முழுசாக இருந்தது. ஆனால் தட்டு திரும்பும் ஒவ்வொரு தடவையும் அதுவும் வளைந்து வளைந்து, அறுபது வருடத்தில் உள்ளே செப்பு இழைகள் அறுந்திருந்தன. தட்டு தன் இடத்தில் இருக்கும்போது அறுந்த நுனிகள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டிருக்கும். தட்டு திரும்பினால் விலகிவிடும். கராஜில் நிறுத்திவைத்துப் பார்த்தவர்களுக்கு அது தெரியாமல் போனதில் வியப்பில்லை. நிற்கும்போது இல்லாத பழுது அது.

நுண்ணிய இழைகள் பல உள்ள மெதுவான வயரில் ஒரு துண்டு வெட்டி, இரு நுனியும் ஈயம் பற்றவைத்து, நடுத்தண்டில் முட்டாமலும் இறுகாமலும் பொருத்தினார். வீட்டு மின்சாரத்துக்குப் போடும் தடித்த கம்பியைப் போடக்கூடாது. வளைந்து வளைந்து சீக்கிரமே முறியும் என்றும் சொன்னார். பொயின்ற் இடைவெளியையும் 15 தௌவுக்குச் சரிபார்த்தார். கூலி வாங்க மறுத்துவிட்டார். அடுத்த நாள் ஒரு பை மாம்பழம் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அதன்பின் பத்து நாள் வெறுங்காராக ஓடினேன். ஒவ்வொரு நாளும் கொப்பியில் "நிற்கவில்லை" என்று எழுதினேன். பத்தாவது நாள்தான் எனக்கு நம்பிக்கை வந்தது.

இந்த அனுபவத்திலிருந்து உங்களுக்குச் சில வார்த்தைகள்.

ஓடும்போது வாகனம் நின்றால் பதற வேண்டாம். கிளச்சை மிதித்து, சிக்னல் போட்டு, இருக்கிற ஓட்டத்திலேயே இடப்பக்கம் ஒதுங்குங்கள். இக்காலத்துக் கார்களில் என்ஜின் நின்றால் ஸ்ரியறிங்கும் பிறேக்கும் கனத்துவிடும். வேலை செய்யும், பலமாக அழுத்த வேண்டும். கார் உருண்டுகொண்டிருக்கும்போது திறப்பைக் கழற்றாதீர்கள், ஸ்ரியறிங் பூட்டிக்கொள்ளும். புகையிரதக் கடவையில் நின்றுவிட்டால் முதலில் ஆட்களை இறக்குங்கள். நேரம் இருந்தால், கியர் மாற்றும் பழைய காரை முதலாம் கியரில் போட்டு, கிளச்சை விட்டு, ஸ்ராட்டரைப் பிடித்தால் பற்றரியின் பலத்தில் சில அடி ஊர்ந்து கடக்கும். புகையிரதம் தெரிந்தால் காரை விட்டுவிட்டு விலகுங்கள். பெற்றோல் மணம் இருந்தால் பல்ப்போ சோதனையோ வேண்டாம். பொனற்றடியில் சிகரட்டும் தீப்பெட்டியும் எப்போதும் வேண்டாம். சூடான ரேடியேற்றர் மூடியைத் திறக்கக்கூடாது. பிளக் வயரை ஓடும் என்ஜினில் வெறுங்கையால் தொடவும் கூடாது.

கராஜுக்குப் போகும்போது கொப்பியோடு போங்கள். "என்ன மாற்ற வேண்டும்?" என்று நாங்கள் கேட்டால் எதையாவது மாற்றுவார்கள். "இப்படி, இந்த நேரத்தில், இந்த வேகத்தில் நிற்கிறது. என்னோடு வந்து ஒருக்கால் ஓடிப் பாருங்கோ" என்று சொன்னால் பேச்சே வேறு. ஒரே நாளில் நான்கு சாமான் மாற்ற விடாதீர்கள். ஒன்றை மாற்றி, ஓடிப் பார்த்து, பிறகு மற்றது. இல்லாவிட்டால் எதனால் குணமானது என்பதே தெரியாது. கழற்றிய பழைய சாமானைக் கேட்டு வாங்குங்கள். என் பழைய கொயிலும் பம்பியும் நல்லவைதான், இன்று காரின் பின்பெட்டியில் இருக்கின்றன. நான் போன மூன்று கராஜ்காரரும் கெட்டவர்கள் என்று சொல்லமாட்டேன். நான் பழுதைச் சரியாகச் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை.

இக்காலத்துக் கார்களில் பொயின்றும் காபரேற்றரும் இல்லை. கணினிதான் தீப்பொறியை நடத்துகிறது. அங்கே பல்ப் கொழுவிச் சோதிக்கக்கூடாது, அதற்குரிய கருவி வேண்டும். ஆனால் அந்தக் கருவியைப் பிடிக்கிறவருக்கும் எப்போது, எப்படி, சூட்டிலா குளிரிலா என்ற உங்கள் குறிப்பு உதவும். ஓட்டோவுக்கும் ஸ்கூட்டிக்கும் தோட்டத்துப் பம்பிக்கும் இது பொருந்தும். எங்கள் உடம்புக்கும் பொருந்தும் என்பேன். கிளினிக்கில் போய் இருக்கும்போது நோவு இராது. "ஒன்றுமில்லை" என்று அனுப்பிவிடுவார்கள். எப்போது வருகிறது, என்ன செய்யும்போது வருகிறது என்று எழுதிக்கொண்டு போனால் அவர்களாலும் சரியாகப் பார்க்க முடியும்.

பத்தாவது நாளுக்கு அடுத்த நாள் அந்தத் தாய் வீட்டுக்குப் போனேன். நடந்ததைச் சொல்லி, வயர்த் துண்டையும் காட்டினேன். மகள் அதைக் கையில் வாங்கி வளைத்து வளைத்துப் பார்த்தாள். "இவ்வளவு சின்னனோ அன்ரி?" என்றாள். வருகிறாயா என்று நான் கேட்கவில்லை. அடுத்த கிளினிக் நாளில் தாயே தொலைபேசியில் அழைத்தார்.

அன்று மகள் முன் சீற்றில் ஏறினாள். நாவற்குழி வரும்போது சீற்றின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தாள். பாலத்தைத் தாண்டியபின் கையை எடுத்து, என் கொப்பியைத் தூக்கி, "இண்டைக்கு நான் எழுதட்டோ?" என்று கேட்டாள். திகதி போட்டு, நேரம் போட்டு, "நிற்கவில்லை" என்று எழுதினாள். அந்தப் பக்கம் இன்னும் என் கொப்பியில் இருக்கிறது.

உங்கள் வாகனத்திலோ பம்பியிலோ இப்படி ஏதும் இருந்தால், எழுதிய குறிப்போடு எங்களுக்கு எழுதுங்கள். அடுத்த மாதம் பற்றரியைப் பராமரிப்பது பற்றிப் பார்ப்போம்.

அன்புடன்,
உங்கள் சகோதரி